வள்ளத்தில் ஒரு பாட்டரிப் பெட்டி

2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலைக் கலக்கி, எச்சரிக்கை எட்டாத தொலைவில் வலை போட்டுக்கொண்டிருந்த எத்தனையோ மீனவர்களைக் கொண்டுபோன பிறகு, சிறு படகுகளிலும் செய்திக் கருவிகள் இருந்தாக வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. கருவிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆனால் அவை விடியும்வரை உயிரோடு இருப்பதற்கு வேண்டிய மின்சாரம் வள்ளத்தின் எந்த மூலையில், எந்தப் பெட்டிக்குள், யாருடைய கைவேலையால் நிலைபெறுகிறது என்பதைப் பற்றி ஒருவரும் எழுதி நான் படித்ததில்லை. தூத்துக்குடியில் உப்பளக் கணக்கு எழுதும் நண்பர் ஒருவர், "அந்த வேலைக்கென்றே தெரேஸ்புரத்தில் ஓர் அண்ணாச்சி இருக்கிறார், வந்து பாருங்கள்" என்று அழைத்ததும் புறப்பட்டுவிட்டேன்.

தெரேஸ்புரம், தூத்துக்குடி நகரின் வடபுறத்தில் மன்னார் வளைகுடாவைப் பார்த்துக் கிடக்கும் நாட்டுப்படகுக் கரை. நாங்கள் போன சமயம், 28 அடி நீளமுள்ள புதிய பைபர் வள்ளம் ஒன்று மணலில் சக்கை கொடுத்து நிறுத்தப்பட்டிருந்தது. அச்சில் பைபர் பூசும் வேலை முன்பே முடிந்திருந்ததால், அதை விவரிக்க நான் முற்படவில்லை. அண்ணாச்சி வள்ளத்தின் நடுப்பலகையில் அமர்ந்து, சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு இழுப்பதும், அழிப்பதும், முன்முனையான அணியத்தை ஒருமுறை, பின்முனையான அமரத்தை ஒருமுறை நோக்குவதுமாக இருந்தார். ஒரு பெட்டி வைப்பதற்கு இத்தனை யோசனையா என்று கேட்பவர்களுக்கு அவரே விடை வைத்திருந்தார்.

"அணியத்துல வச்சா ஒவ்வொரு அலைக்கும் தூக்கித் தூக்கி அடிக்கும் சார், உள்ள ஈயத் தகடு உதுந்துரும். அமரத்துல வச்சா எஞ்சின் பாரத்தோட இதுவும் சேரும். தண்ணி ஏறுச்சுன்னா மொதல்ல முங்குறது அந்த எடந்தான்."

பாரம் பற்றிய காரணத்தை அவர் மிக நிதானமாகச் சொன்னார். நூறு ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள ஈய-அமிலப் பாட்டரி ஒன்று இருபத்தைந்து முதல் முப்பது கிலோ வரை நிறை கொண்டது; எனவே அது இருக்கும் பக்கம் வள்ளம் சாயும்; எண்ணெய்க் கேன் ஒரு பக்கமென்றால் பாட்டரி மறுபக்கம் இருக்க வேண்டும். அவ்விரண்டையும் அடுத்தடுத்து வைக்கக் கூடாது என்பதற்கு எடைக் கணக்கை விடப் பயங்கரமான காரணமும் உண்டு. மின்னேற்றத்தின்போது பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படுகிறது. கேனிலிருந்து எண்ணெய் ஆவி வருகிறது. இணைப்பில் எழும் ஒரு சிறு பொறி போதும். ஆகவே பெட்டியின் மூடியில் காற்றுப் போக வழி வேண்டும். அதே வழியில் கடல் தண்ணீர் நுழையவும் கூடாது. உப்புநீர் அமிலத்தோடு கலந்தால் எழுவது குளோரின், அடைபட்ட இடத்தில் மூச்சைத் திணறடிக்கும் நச்சுவாயு. இந்த நிபந்தனைகள் எல்லாவற்றையும் ஒருங்கே நிறைவேற்றும் இடம் அந்த வள்ளத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: நடுப்பலகைக்குச் சற்றுப் பின்னால், அடித்தண்ணீர் தேங்கும் மட்டத்துக்கு ஒரு முழம் மேலே, இடப்பக்க ஓரத்தில். அண்ணாச்சி அங்கே கடைசிக் கோட்டை இழுத்தார். அதன் பிறகு அழிக்கவில்லை.

அடுத்தது கணக்கு. வழிவலை போட்டுவிட்டு இரவெல்லாம் காத்திருக்கும் வள்ளம் இது. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் பாதையருகே கிடப்பதால், விளக்கு அணைந்தால் உயிருக்கே ஆபத்து. இழுவலையல்லாத வலையோடு கிடக்கும் படகு, மேலே சிவப்பும் கீழே வெள்ளையுமாக, சுற்றெங்கும் தெரியும்படி விளக்குக் காட்ட வேண்டும் என்பது 1972-ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் விதி. விளக்குகளுக்குப் பத்து மணி நேரத்தில் எட்டு ஆம்பியர்-மணி, ஜிபிஎஸ், ஆழமானி இரண்டுக்கும் பத்து, விஎச்எஃப் வயர்லெஸ் கேட்டுக்கொண்டிருப்பதற்கு நான்கு, பேசுவதற்கு மூன்று, ஆக இருபத்தைந்து. ஈய-அமிலப் பாட்டரியைப் பாதிக்கு மேல் அடிக்கடி வடியவிட்டால் அதன் ஆயுள் குறைந்துபோகும் என்பதால் ஐம்பது வேண்டும். எஞ்சின் பழுதாகி இன்னோர் இரவு கடலில் கிடக்க நேர்ந்தால் என்ன செய்வது என்று எண்ணினால் நூறு வேண்டும். இத்தனையையும் ஒரு சிகரெட் அட்டையின் பின்புறத்தில் எழுதிக் காட்டினார்.

கம்பி விஷயத்தில் அவர் காட்டிய கண்டிப்பு என்னைக் கவர்ந்தது. பாட்டரியிலிருந்து வயர்லெஸ் ஆறு மீட்டர் தொலைவில் இருந்தால், மின்சாரம் போய்வரும் தூரம் பன்னிரண்டு மீட்டர். பேசும்போது அக்கருவி ஆறு ஆம்பியர் இழுக்கும். வீட்டுக்குப் போடும் ஒன்றரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) கம்பியை இழுத்தால் சுமார் 0.8 வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகும். நாலு ஸ்கொயர் போட்டால் 0.3 வோல்ட்டோடு நிற்கும். பாட்டரி நிறைந்திருக்கும் முன்னிரவில் இந்த வித்தியாசம் யாருக்கும் தெரியாது. அது வடிந்துபோன பின்னிரவில், உதவி கேட்டுப் பதினாறாம் சானலில் பொத்தானை அழுத்தும் அந்த ஒரு கணத்தில்தான் தெரியும். வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி, பாட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் பியூஸ், திசைகாட்டியருகே போகும் இரு கம்பிகளும் ஒன்றோடொன்று முறுக்கப்பட வேண்டும் என்பன அவர் விட்டுக்கொடுக்காத நியமங்கள்.

இவற்றையெல்லாம் அவர் எந்தப் பள்ளியிலும் கற்கவில்லை. பதின்மூன்று வயதில், உப்பு ஏற்றும் லாரிகளுக்குப் பாட்டரி பழுது பார்க்கும் கடையொன்றில் அமிலம் கலக்கும் பையனாகச் சேர்ந்தார். இரு முன்கைகளிலும் அந்தக் காலத்துத் தழும்புகள் வெளுத்துக் கிடக்கின்றன. மைத்துனருடைய வள்ளம் ஒருநாள் இரவு விளக்கணைந்து, கப்பலொன்றின் அடியில் சிக்காமல் நூலிழையில் தப்பி வந்ததைக் கேட்ட பிறகே அவர் கடற்கரைப் பக்கம் வந்தார். லாரிக் கடையிலிருந்து அவர் கொண்டுவந்த ஒரே சொத்து ஹைட்ரோமீட்டர்.

கண்ணாடிக் குழலொன்று, தலையில் ரப்பர்க் குமிழ், உள்ளே பச்சை, வெள்ளை, சிவப்பு என்று நிறம் தீட்டிய மிதவை. குமிழை அழுத்தி, பாட்டரியின் ஓர் அறைக்குள் நுழைத்து விட்டால் அமிலம் குழலில் ஏறும். மிதவை எழுந்து நின்று காட்டும் அடர்த்தி எண்ணே அந்த அறையின் ஜாதகம். வள்ளத்தின் உரிமையாளரான சம்மாட்டி வாங்கிவந்திருந்த பாட்டரியின் ஆறு அறைகளையும் அவர் ஒவ்வொன்றாகச் சோதித்தார். ஐந்தில் 1260-க்குக் குறையவில்லை. ஆறாவதில் மிதவை தாழ்ந்து சிவப்பைக் காட்டி 1170-இல் நின்றது. மீண்டும் எடுத்தார், அதே எண். "ஒரு செல் செத்துப் போச்சு சம்மாட்டி. இது புதுசில்ல, பெட்டி மாத்தினது."

சம்மாட்டி ஒன்றும் பேசவில்லை. அந்தப் பாட்டரியை அவர் காசு கொடுத்து வாங்கவில்லை. முன்பணம் தரும் வியாபாரி வலையோடும் எண்ணெயோடும் சேர்த்துக் கடனாகக் கொடுத்தது. அந்தக் கடனுக்கு ஈடாக, கடன் தீரும்வரை மீன் அந்த வியாபாரியிடமே போக வேண்டும். விலை அவர் சொல்வதே விலை. இந்த ஏற்பாட்டின் கொடுமை வட்டியில் மட்டும் இல்லை. கடலில் எந்தப் பாட்டரியை நம்பி இரவைக் கழிப்பது என்று தீர்மானிக்கும் உரிமையே கடலுக்குப் போகாத ஒருவரிடம் போய்விடுகிறது. கரையில் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து, பழைய சரக்கைப் புதுப் பெட்டியில் அடைத்துத் தள்ளுகிறவருக்கு, பதினாறாம் சானலில் ஒலிக்காமல் போன குரலைப் பற்றி என்ன கவலை? பழுது வெளிப்பட்டாலும் திருப்பிக் கொடுக்கச் சம்மாட்டிக்குத் துணிவு வராது. மாற்றிக் கேட்டால் அடுத்த முன்பணம் நின்றுபோகும். கூட்டுறவுச் சங்கங்கள் வலைக்கும் எஞ்சினுக்கும் தரும் கவனத்தில் ஒரு பங்கைப் பாட்டரிக்கும் தந்து, சோதித்த சரக்கை நியாய விலைக்குக் கொடுக்குமானால், இந்தப் பிடியில் ஒரு விரலாவது தளரும். அதைச் செய்ய எந்தப் பெரிய விஞ்ஞானமும் வேண்டாம். அண்ணாச்சியின் கையிலுள்ள கண்ணாடிக் குழல் போதும்.

அண்ணாச்சிக்கு இந்த வேலை முழுவதற்கும் கிடைக்கும் கூலி, ஒரு நாள் மீன்பாட்டில் ஒரு பங்குக்கும் குறைவு. அதையும் பலர் மீனாகவே தருகிறார்கள்.

பாட்டரி என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்கலாம். அன்று பிற்பகல் அண்ணாச்சி தன் கடையிலிருந்து, தான் சோதித்து வைத்திருந்த வேறொன்றை எடுத்து வந்து பெட்டியில் வைத்து, நைலான் வாரால் இறுக்கிக் கட்டி, முனைகளில் வாசலின் தடவி மூடினார். விலையைத் தவணையில் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். வயர்லெஸுக்கென்று தனியாக ஒரு சிறு பாட்டரி வேண்டும் என்று அவர் வற்புறுத்தியபோது, "அடுத்த சீசன் பாப்போம் அண்ணாச்சி" என்றார் சம்மாட்டி. அண்ணாச்சியும் வாதாடவில்லை. ஆனால் அந்த இரண்டாவது பெட்டிக்கான கம்பியையும் அன்றே இழுத்து, நுனிகளில் டேப் சுற்றி, பலகைக்கடியில் கட்டிவிட்டுத்தான் கீழே இறங்கினார். அந்தக் கம்பிக்குக் கூலி கேட்கவில்லை.