மினுக்காத கல்

கல் மினுக்கும் உருளையைக் கராஜில்தான் ஓட விடுகிறேன். பாம்புக்கு வெளிக்காது இல்லை; ஆனால் தரையின் அதிர்வைத் தாடையெலும்பால் வாங்கிக்கொள்ளும். இரண்டும் ஒரே அறையில் சரிவராது. சுப்பீரியர் ஏரிக்கரையில் பொறுக்கிய அகேட் கற்கள் சிலிக்கன் கார்பைட் தூளோடு இரவுபகலாக உருளும். முதலில் பருந்தூள், பிறகு நுண்தூள், கடைசியில் மெருகுத்தூள். ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஒரு கிழமை.

பாம்பு, கோர்ன் ஸ்னேக் என்கிற நஞ்சில்லாத இனம். ஒரு மாத உழைப்பில் கண்ணாடியாய் மின்னும் அகேட் அதன் கூட்டிலேயே கிடக்கிறது. அழகு எனக்குத்தான். தோல் உரிக்கும் காலத்தில் அதன் கண்கள் நீலம் பூத்து மங்கும். சில நாளில் தெளியும். தெளிந்ததும் அது தேடிப்போய் மூக்கை உரசுவது, மூலையில் நான் கைவைக்காமல் விட்ட சொரசொரத்த கல்லில். வழுவழுப்பில் தோல் பிடிபடாது.

நயினாதீவு நாகபூசணிக்கு நேர்த்தி வைத்தவர் அம்மா. இரவில் பாம்பு என்று சொல்லமாட்டார், 'பூச்சி'தான். அந்த அறைப்பக்கமே வராதவர், போன கிழமை உரித்த தோலை வாசலில் நின்றபடி வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணை மூடியிருந்த செதில்கூட அதில் இருந்தது.

"பூச்சி உரசின கல் எது, பிள்ளை?"

காட்டினேன்.

"அதை மினுக்கிப் போடாதை."