வேம்பு தின்ற புழுவும் கோயில் மணியும்

உயிர் தனித்து நில்லாது. யாதானும் ஒன்றைப் பற்றியே நிற்கும். பற்றியதன் இயல்பே தன்னியல்பாக விளங்கும். இதனைச் சார்ந்ததன் வண்ணமாதல் என்பர் சித்தாந்த நூலார்.

இதனோடு ஒருபுடை ஒத்த உண்மையை உருசிய நாட்டு உடலியற் பேரறிஞர் பாவ்லாவ் நாய்களிடத்து ஆராய்ந்து கண்டார். செரிமான ஆராய்ச்சிக்காக 1904-ஆம் ஆண்டு நோபெல் பரிசில் பெற்றவர் அவர். உணவிடுமுன் ஓர் ஒலியை எழுப்பிப் பன்முறை பழக்கிவர, உணவின்றியும் அவ்வொலி கேட்ட துணையானே நாயின் வாயில் நீர் ஊறிற்று. ஒலிக்குப்பின் உணவு வாராமலே பலகால் கழியின் ஊறல் தணிந்தது, தணிந்ததேயன்றி அழிந்திலது. சிலபொழுது கழித்து அவ்வொலி கேட்புழி மீண்டும் தோன்றிற்று.

இராமேச்சுரத்தில் முதியவர் ஒருவர் உளர். தனுக்கோடியிற் பிறந்தவர். 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு வீசிய பெரும்புயல் அவ்வூரை அழித்தபோது சிறுவராயிருந்த அவர் தந்தையை இழந்தார். இன்றும் மார்கழியில் வாடைக்காற்று எழுந்தால் அவர் உடல் நடுங்கும். சுவர் உறுதியானது என்று அறிவு சொல்லியும் உடல் கேளாது. அவரே நாடோறும் வைகறையில் படிகலிங்க தரிசனத்திற்குச் செல்பவர். மணியோசை கேட்டதும் அவர் கைகள் தாமே குவியும்.

மதுரையில் உளநூல் பயின்ற பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான். 1924-ஆம் ஆண்டு நெவா ஆறு பெருகிப் பாவ்லாவின் கூடத்துட் புகுந்ததனையும், உயிர்தப்பிய நாய்களுட் சில கற்ற பழக்கத்தை இழந்ததனையும், பின்னர்க் கதவின்கீழ்ச் சிறிது நீர் கசியவிட்ட அளவிலே மீண்டும் நிலைகலங்கியதனையும் எடுத்துரைத்தான். முதியவர் தம் கதையே கேட்பார்போற் கேட்டிருந்தார். பின்பு அவன், “ஐயா, காற்றுக்கு நடுங்குவதும் மணிக்குக் கைகுவிப்பதும் ஒன்றுதானே? இரண்டும் பழக்கந்தாமே?” என்றான்.

அவர் அன்றிரவு உறங்கிற்றிலர். அறுபது ஆண்டு வழிபாடு வெறும் வாய்நீர்தானோ என்னும் ஐயம் அவரை வருத்திற்று. மறுநாள் தரிசனங் கழித்து வந்து, “தம்பி, நீ சொன்னதிற் பாதி மெய். கை பழக்கத்தாலேயே குவிகிறது. கை குவிந்தும் நெஞ்சு குவியாத நாள்கள் எனக்குப் பல. அந்நாள்களில் நான் நாணியிருக்கிறேன். மணியோசைக்கு வாயூறியதற்காக நாய் நாணியதுண்டோ? காற்று என்னைக் கேளாமலே பழக்கிற்று, மணியை நானே தேடிச்சென்று பழகினேன்” என்றார். பேரன் மறுமொழி கூறிற்றிலன். அடுத்த வைகறையில் அவருடன் சென்றான்.

முதியவர் கூறியது நூற்கருத்தோடு பொருந்துவதே. சிவஞானபோதத்து ஒன்பதாஞ் சூத்திரப் பகுதியில் மெய்கண்டதேவர் வேம்பு தின்ற புழுவை உவமை காட்டுவர். இனியது கிடைப்பினும் அது பழகிய கைப்பையே நாடும். அங்ஙனமே ஞானம் விளங்கிய பின்னும் உயிர் முன்னை வாசனையால் உலகை நோக்கும். அவ்வாசனை நீங்குதற்கு அறிந்ததொன்றே அமையாது. ஆகலின் ஐந்தெழுத்தை விதிப்படி ஓதுக என்றார். பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியாரிணக்கத்தையும் ஆலய வழிபாட்டையும் விதித்தது. ஒரு சார்பினை மற்றொரு சார்பாலன்றி நீக்கலாகாமையின் என்க.

ஆயினும் பழக்கமே வீடாகாது. அஃது உழுது வைத்த நிலம். மழை பெய்வது திருவருள். மழை வருங்கால் நிலம் தரிசாய்க் கிடத்தல் கூடாது என்பதே நாடோறும் கைகுவித்தலின் பயன்.

திருச்சிற்றம்பலம்.