கலைமான் வினாதல்

என் பெரியம்மா மகள் அமெரிக்காவில் வில்லெடுத்து மான் வேட்டைக்குப் போகிறாள் என்ற செய்தி தேனிக்கு வந்தபோது, எங்கள் குடும்பத்தில் யாரும் மானுக்காக வருத்தப்படவில்லை. "பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை?" என்பதே எல்லோருடைய கேள்வியும். அவளுடைய கணவர் போயிருந்தால் அது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் புகைப்படமாக வந்து, பெருமையாகப் பேசப்பட்டிருக்கும்.

அக்கா விஸ்கான்சினில் அறுவை அரங்குச் செவிலி. நாற்பத்தைந்து வயதில் வில் பழகினாள். ஆய்வு வேலையாக ஓர் இலையுதிர் காலம் முழுவதும் நான் அவள் வீட்டில் தங்கியிருந்தேன். நான் வேட்டையாடுபவள் இல்லை, ஆடும் எண்ணமும் இல்லை. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வளர்ந்த நம் தலைமுறைக்கு மான் வேட்டை என்றால் நீதிமன்றச் செய்திதான். அங்கே நிலைமை வேறு. வெள்ளைவால் மான்கள் வயலிலும் சாலையிலும் பெருகிக் கிடக்கின்றன. உரிமம் வாங்கி, பருவம் பார்த்து, எண்ணிக்கைக்கு உட்பட்டு வேட்டையாடுவது அரசின் வனவிலங்கு மேலாண்மையில் ஒரு பகுதி. அம்பெய்யும் பருவம் செப்டம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி வரை நீள்கிறது. அமெரிக்காவில் வில்வேட்டைக்கென்று தனிப் பருவத்தை முதலில் வகுத்ததும் இதே மாநிலம், 1934-இல்.

அந்த வரலாற்றில் ஆண்களின் பெயர்களே முன்னால் நிற்கின்றன. சூழலியல் சிந்தனையாளர் ஆல்டோ லியோபோல்ட் தன் கையாலேயே வில் செய்தவர் என்பது பலருக்குத் தெரியும். அவருடைய மனைவி எஸ்டெல்லா மாநில அளவில் பெண்கள் வில்வித்தையில் பட்டம் வென்றவர் என்பதை அடிக்குறிப்பில்தான் தேடவேண்டும். 1991-இல் ஸ்டீவன்ஸ் பாயின்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டின் தாமஸ் என்ற பேராசிரியர், காட்டுக்குள் போகும் திறன்களைப் பெண்களுக்குக் கற்றுத்தரும் பயிலரங்கு ஒன்றைத் தொடங்கினார். அது பிறகு பல மாநிலங்களுக்குப் பரவியது. அக்கா முதன்முதலில் வில்லைத் தொட்டதும் அப்படியொரு பயிலரங்கில்தான்.

நான் போய்ச் சேர்ந்த வாரம் அவள் அம்புமுனை வாங்கும் யோசனையில் இருந்தாள். வேட்டைக்கான அகன்ற அலகுள்ள முனையை 'பிராட்ஹெட்' என்கிறார்கள். அதில் இரண்டு வகை. ஒன்றில் அலகுகள் எப்போதும் வெளியே நீட்டியபடி அசையாமல் நிற்கும். மற்றதில் அலகுகள் மடங்கியிருந்து, மானின் உடலில் படும்போது விரியும். தமிழ்க்காரி என்பதால் நான் அவற்றுக்கு நிலைமுனை, விரிமுனை என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

விரிமுனைக்குக் கவர்ச்சி அதிகம். மடங்கியிருக்கும்வரை காற்று அதைப் பிடித்து இழுப்பதில்லை. பயிற்சி முனை போகும் இடத்துக்கே அதுவும் போகும். பட்டதும் இரண்டு அங்குல அகலம்வரை வெட்டும். வெட்டு அகலமாக இருந்தால் குருதி அதிகம் சிந்தும், மான் விழுந்த இடத்தைத் தேடிப் போவது எளிது. நிலைமுனை பெரும்பாலும் ஓர் அங்குலத்தை ஒட்டித்தான் வெட்டும். அதன் அலகுகள் முன்னால் இன்னொரு சிறகுபோலக் காற்றைப் பிடிப்பதால், வில் சரியாக ஒத்திசைக்கப்படவில்லை என்றால் அம்பு விலகும்.

கடைக்காரர் அக்காவிடம் சொன்னது இதில் பாதியைத்தான். "உங்களுக்கு விரிமுனைதான் எளிது. வில்லை ஒத்திசைக்கும் தலைவலி இல்லை. எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள்." பிறகு ஒரு யோசனையும் தந்தார். வில்லின் இழுவிசையைப் பத்து பவுண்டு கூட்டிக்கொள்ள வேண்டுமாம்.

அந்த 'எல்லாரும்' யார்? அக்கா வீட்டுக்கு வந்து சமையல் மேசையில் கணக்குப் போட்டாள். கடைக்காரரின் வில் 70 பவுண்டு இழுவிசை, 29 அங்குல இழுநீளம். 450 கிரெயின் எடையுள்ள அம்பு நொடிக்கு 275 அடி வேகத்தில் போனால் அதன் ஆற்றல் ஏறக்குறைய 75 அடி-பவுண்டு. அக்காவின் வில் 42 பவுண்டு, இழுநீளம் 26 அங்குலம். அவளுடைய 400 கிரெயின் அம்பு நொடிக்கு 200 அடி போகிறது. ஆற்றல் ஏறக்குறைய 35தான். பாதிகூட இல்லை.

"இங்க பாரு. தசையை வேணும்னா வளர்த்துக்கலாம். கையை இழுத்து நீளமாக்க முடியுமா?" என்றாள்.

வில்லில் நாண் எவ்வளவு தூரம் அம்பைத் தள்ளுகிறது என்பதும் ஆற்றலைத் தீர்மானிக்கிறது. கை குட்டையாக இருந்தால் அந்தத் தூரம் குறையும். எனவே அதே இழுவிசையிலும் ஒரு பெண்ணின் அம்பு மெதுவாகவே போகும். விரிமுனையோ தன் அலகுகளை விரிப்பதற்கே வந்த ஆற்றலில் ஒரு பங்கைச் செலவழித்துவிடுகிறது. அகலமாக வெட்டுவதற்கு இன்னொரு பங்கு. 75 உள்ளவருக்கு அது சில்லறை. 35 உள்ளவளுக்கு அது முதல். மான் சற்றே திரும்பி நின்றாலோ, அம்பு எலும்பைத் தொட்டாலோ, முனை நுரையீரலை எட்டாமல் நின்றுவிடக்கூடும். குறைந்த விசை வில்லுக்கென்றே விரிமுனைகள் விற்கிறார்கள். அவற்றையும் அக்கா பார்த்தாள். "கதவைத் திறக்கவே தெம்பு செலவாகும்னா நான் ஏன் கதவு வச்ச வீடு வாங்கணும்?" என்று ஒதுக்கிவிட்டாள்.

இந்தக் கணக்கு எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. என் கல்லூரிக் கருத்தரங்க மேடையில் ஒலிவாங்கி நிற்கும் உயரம், கரும்பலகையின் மேல்விளிம்பு, பேருந்தில் பிடித்துக்கொள்ளும் கம்பி என்று எல்லாமே ஓர் ஐந்தரை அடி ஆணை நினைத்துச் செய்யப்பட்டவை. எட்டவில்லை என்றால் எம்பச் சொல்கிறார்கள். மேடையில் நான் எம்பினால் நஷ்டம் என் கால்களுக்கு மட்டும். காட்டில் அந்த அறிவுரையின் விலையைக் கொடுப்பது இன்னோர் உயிர். பத்து பவுண்டு கூட்டி, கை நடுங்க இழுத்து, குறி தவறி எய்தால், அரைகுறைக் காயத்தோடு ஓடப்போவது மான்.

திருக்கோவையாரில் 'கலைமான் வினாதல்' என்றொரு துறை உண்டு. தலைவியும் தோழியும் நிற்கும் இடத்துக்கு வில்லோடு வரும் தலைவன், தன் அம்பு பட்ட கலைமான் இந்தப் பக்கம் வந்ததா என்று கேட்பான். அவன் தேடுவது மானை இல்லை, பேச்சுக்கு ஒரு சாக்கை. பதினெட்டு ஆண்டுகளாக இந்தத் துறையை நடத்துகிறேன். மாணவிகள் சிரிப்பார்கள், அந்தக் காலத்து 'மணி என்ன ஆச்சு' என்பார்கள். அக்காவோடு இருந்த நாட்களில் அந்தத் துறை வேறு மாதிரி ஒலித்தது. அம்பு தைத்த மான் என்பது ஆணின் பேச்சுக்கு எவ்வளவு வசதியான பொய்! ஏனென்றால் அந்த மரபில் காயத்தோடு ஓடிய விலங்கைப் பற்றி மறுபடி யாரும் கேட்கப்போவதில்லை. குறிஞ்சியின் பெண்களுக்கு மரபு கொடுத்தது தினைப்புனமும், கிளி ஓட்டும் தட்டையும் தழலும் குளிரும். அவர்கள் விரட்டலாம், எய்ய முடியாது. எய்தவள் என்றால் பின்னாலேயே போய் மானைத் தேடவேண்டும்.

அக்கா நிலைமுனையே வாங்கினாள். இரண்டே அலகு, நுனியிலிருந்தே வெட்டும் வகை, எடை 125 கிரெயின். விஸ்கான்சின் விதிப்படி முனை குறைந்தது ஓர் அங்குலத்தில் எட்டில் ஏழு பங்கு அகலமும் கூர்மையும் கொண்டிருக்க வேண்டும். வில்லின் இழுவிசை 30 பவுண்டு இருந்தால் போதும். அதாவது சட்டத்துக்கே அவளுடைய 42 போதுமானது. கடைக்காரருக்குத்தான் போதவில்லை.

எளிதானது எதுவுமில்லை. சட்டத்தில் காகிதத்தை விறைப்பாகக் கட்டி அதன் ஊடாக அம்பெய்து, கிழிசல் எந்தப் பக்கம் நீள்கிறது என்று பார்த்துப் பார்த்து வில்லைத் திருத்தினாள். இரவுகளில் சாணைக்கல்லில் அலகைத் தீட்டினாள். மழுங்கிய கத்தி திசுவை நசுக்கும், கூரான கத்தி வெட்டும் என்பது அவள் தொழிலில் தினமும் காண்பது. இருபது கெஜத்துக்கு, ஏறத்தாழ 18 மீட்டருக்கு, அப்பால் எய்வதில்லை என்று வரம்பு வைத்துக்கொண்டாள். அக்டோபரில் இரண்டு மான்களை அந்த வரம்புக்காகவே போகவிட்டாள்.

மூன்றாவது மான் பக்கவாட்டில் நின்றது. அம்பு முன்னங்காலுக்குப் பின்னே நுழைந்து மறுபுறம் வெளியேறியது. அரைமணி நேரம் காத்திருந்துவிட்டு என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். டார்ச் வெளிச்சத்தில் இலைகளின் மேலிருந்த துளிகளைப் பார்த்துக்கொண்டே இருவரும் நடந்தோம். எண்பது தப்படிக்குள் கிடந்தது. அக்கா மண்டியிட்டு அதன் கழுத்தில் கைவைத்து வெகுநேரம் பேசாமலிருந்தாள். எனக்கு அழுகை வந்தது. கொன்றது சரியா என்ற கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை. அது நீண்டநேரம் துடிக்கவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். 2002 முதல் அந்த மாநில மான்களிடம் மூளையை அரிக்கும் நோய் ஒன்று இருப்பதால், சோதனை முடிவு வரும்வரை கறி உறைபெட்டியில் கிடந்தது. பிறகு மிளகு போட்டு வறுத்தாள்.

நான் கிளம்பும் முந்தைய ஞாயிறு, பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். பத்தொன்பது வயது, நெட்டை, கல்லூரியில் படகு வலிப்பவள். எந்த முனை வாங்கட்டும் என்று கேட்டாள். அக்கா பதில் சொல்லவில்லை. அளவு நாடாவை எடுத்துவந்து அவளை இரண்டு கைகளையும் விரித்து நிற்கச் சொன்னாள். வில்லை இழுக்கவைத்து, கை நடுங்குகிறதா என்று பார்த்தாள். 58 பவுண்டு, 28 அங்குலம்.

"உனக்கு விரிமுனை ஒத்துவரும். பிடித்திருந்தால் வாங்கிக்கொள்" என்றாள்.