தண்ணீர் இறங்காத கழிப்பறை

 

ஹனஃபி மத்ஹபின் நூலாயினும் ஷாஃபிஈ மத்ஹபின் நூலாயினும் ஃபிக்ஹுப் பாடம் தூய்மையிலிருந்தே தொடங்குகிறது. தொழுகைக்கு முன் தஹாரத். தஹாரத்துக்கு முன் தண்ணீரின் வகைகள். எங்கள் மக்தபில் ஓதும் எட்டு வயதுப் பிள்ளைகூட, கழிப்பறைக்குள் இடக்காலை வைத்து நுழைவதையும் வலக்காலை வைத்து வெளியேறுவதையும் தடுமாறாமல் சொல்லும். ஆனால், ஊற்றிய தண்ணீர் எவ்வழியே செல்கிறது, எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்டால் பிள்ளைகளும் விழிப்பார்கள், பெற்றோரும் விழிப்பார்கள். வீட்டில் நாம் பேசக் கூசும் இடம் அது. பழுதானாலும் பேசுவதில்லை. ஒரு புட்டி ஆசிட் வாங்கி ஊற்றிவிட்டு மறந்துவிடுகிறோம்.

எங்கள் வீட்டில் அம்மாவின் பொருட்டு அதைப் பேச வேண்டியதாயிற்று. எழுபது வயதைக் கடந்தவர். முழங்கால் மடங்காது என்பதால் அவருக்காகவே வெஸ்டர்ன் கோப்பை வைத்தோம். (வைத்த கொத்தனார் நம் சமுதாயத்தவர் அல்லர். ஆயினும், "பாய் வீடுன்னா வடக்கு தெற்காத்தானே வைக்கணும்" என்று நாங்கள் சொல்வதற்கு முன்பே நூல் பிடித்தார். கிப்லாவை முன்னோக்காமலும் பின்னோக்காமலும் அமரவேண்டும் என்பதை இப்பகுதிக் கொத்தனார்கள் தொழிலோடு சேர்த்தே கற்றிருக்கிறார்கள்.) சில மாதங்களாக அந்தக் கோப்பையில் தண்ணீர் சரியாக இறங்கவில்லை. பொத்தானை அழுத்தினால் நீர் சுழலாமல் மெல்ல வழியும். கழிவு பாதி போகும், பாதி நிற்கும். மறுபடி அழுத்தத் தொட்டி நிரம்பும்வரை காத்திருக்க வேண்டும். அம்மாவால் வாளியைத் தூக்கி ஊற்ற முடியாது. மருமகளை அழைக்கவும் வெட்கம். ஆகவே, யாரிடமும் சொல்லாமல் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். நீர்க்கடுப்பு என்று மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோதுதான் இந்தக் கணக்கு எங்களுக்குத் தெரிந்தது. ஒரு சிறு பழுது, வீட்டில் மிகவும் தளர்ந்தவரின் உடம்பில் போய் முடிந்திருந்தது.

பழுதைத் தேடுவதற்கு முன், கோப்பை வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். கோப்பைக்குக் கீழே குழாய் பாம்புபோல் வளைந்திருக்கும். அந்த வளைவில் ஏறத்தாழ இரண்டு அங்குல ஆழத்துக்கு எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்கும். 1775ஆம் ஆண்டில் லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்னும் கடிகாரத் தொழிலாளி காப்புரிமை பெற்ற அமைப்பு இது. அந்தத் தண்ணீரே கதவு. வீட்டின் காற்றுக்கும் செப்டிக் டேங்கின் காற்றுக்கும் நடுவே வேறு கதவு கிடையாது. மேலிருந்து நீர் ஒரே வேகத்தில் விழும்போது வளைவு முழுவதும் நிரம்பி, கோப்பையில் உள்ளதை உறிஞ்சி இழுத்துக்கொண்டு போகும். கடைசியில் வரும் நீர் மீண்டும் தேங்கிக் கதவை மூடும். வேகம் குறைந்தால் வளைவு நிரம்பாது; நிரம்பாவிட்டால் உறிஞ்சல் இல்லை. எனவே கோப்பை சரியாகக் கழுவப்படாததற்கு இரண்டே காரணங்கள்தாம் இருக்க முடியும். ஒன்று, மேலிருந்து நீர் வேண்டிய வேகத்தில் வரவில்லை. மற்றொன்று, கீழே போகும் வழியில் தடை இருக்கிறது.

எதுவென்று அறியப் பிளம்பர் வேண்டியதில்லை. ஏழெட்டு லிட்டர் கொள்ளும் வாளியில் தண்ணீர் எடுத்து, இடுப்பு உயரத்திலிருந்து கோப்பையின் நடுவே ஒரே வீச்சில் ஊற்றுங்கள். மடக்கென்ற ஒலியோடு உள்ளே இழுத்துக்கொண்டால் கீழ்வழி நன்றாக இருக்கிறது. பழுது தொட்டியிலோ கோப்பையின் விளிம்பிலோதான். நீர் மேலேறி நின்று மெல்ல மெல்ல இறங்கினால் பழுது கீழே. எங்கள் வீட்டில் ஊற்றியது ஒரே மூச்சில் இறங்கியது. அதற்குள் பக்கத்து வீட்டார் டேங்கைத் திறக்கவேண்டும் என்று நாள் குறித்திருந்தார்கள்!

மேலே பார்க்கவேண்டியவை சில. தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தால், நடுவே நிற்கும் வழிவுக் குழாயின் வாய்க்கு ஓர் அங்குலம் கீழேவரை நீர் நிற்க வேண்டும். அதற்கும் கீழே நின்றால் மிதவையைச் சற்று உயர்த்த வேண்டும். சுவரிலுள்ள ஆங்கிள் காக் பாதி மூடிக் கிடந்தால் தொட்டி நிரம்ப நெடுநேரமாகும். அடியிலுள்ள ரப்பர் தேய்ந்திருந்தால் நீர் ஓசையின்றிக் கசிந்துகொண்டேயிருக்கும். அதைக் கண்டுபிடிக்க, துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் பத்துத் துளிகளைத் தொட்டியில் விட்டு, அரைமணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் விடுங்கள். கோப்பையில் நீலம் தெரிந்தால் ரப்பர் போய்விட்டது என்று பொருள். உளூவுக்கு ஒரு முத்து, அதாவது ஒரு லிட்டரும் நிறையாத தண்ணீர் போதும் என்று நடந்துகாட்டிய நபி (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம். நம் வீட்டுத் தொட்டி இரவு முழுவதும் வீணே வடிவதை அறியாமல் உறங்கலாகாது.

எங்கள் வீட்டில் தொட்டி குற்றமற்றதாகவே இருந்தது. பழுது கோப்பையின் விளிம்புக்கு அடியில் இருந்தது. அங்கே வரிசையாகச் சிறு துளைகள் உண்டு; அவற்றின் வழியாகத்தான் நீர் சுற்றிலும் பாய்கிறது. குனிந்து பார்த்தாலும் தெரியாது. முகம் பார்க்கும் சிறு கண்ணாடியைக் கீழே பிடித்துப் பார்த்தேன். பாதித் துளைகளை வெண்மஞ்சளான உப்புப் பாறை அடைத்திருந்தது. ஆழ்குழாய்த் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் படிகிறதே, அதே சுண்ணாம்பு உப்புத்தான். உப்புத் தண்ணீரோடு வாழும் வில்லியனூர், பாகூர் பக்கத்து வீடுகளில் இதை முதலில் பார்ப்பது நல்லது. வினிகரைப் பழந்துணியில் நனைத்து விளிம்புக்கு அடியில் செருகி ஓர் இரவு விட்டேன். காலையில் ஃபஜ்ருக்குப் பின் வளைத்த கம்பியால் ஒவ்வொரு துளையாகக் குத்த, உப்பு மணல்போல் உதிர்ந்தது. செலவு ஒரு புட்டி வினிகர். கொதிக்கும் நீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், பீங்கான் வெடித்துவிடும்.

ஆசிட்டைப் பற்றியும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். ஆசிட் ஊற்றிய கோப்பையில் பிளீச்சிங் பவுடரைத் தூவினால் குளோரின் வாயு கிளம்பும். அது நுரையீரலை அரிக்கும் நஞ்சு. சன்னல் இல்லாத சிறு அறையில் கழுவிக்கொண்டிருப்பவர் பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்ணோ, வேலைக்கு வரும் ஏழைச் சகோதரியோதான். ஆசிட்டை அடிக்கடி ஊற்றினால், டேங்கில் கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்களும் செத்துப்போகும். டேங்க் விரைவில் நிரம்பும்.

இனி, வாளி நீர் இறங்காத வீடுகளுக்கு வருவோம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததை நாம் மறக்க மாட்டோம். ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கும் மேல் மழை. அடுத்த நாள்களில் சாத்தனூர் அணையின் நீரும் சேர்ந்து தென்பெண்ணை பெருக்கெடுக்க, பாகூர்ப் பக்கம் ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. நிலத்தடி நீர் மேலேறிவிட்டால் உறைகிணற்றுக் குழி கழிவுநீரை உறிஞ்சாது. மாறாக, நிலத்தின் நீர் குழிக்குள் வரும். கோப்பையில் தண்ணீர் நிற்பது அப்போது கோப்பையின் குற்றமன்று. அந்நேரத்தில் லாரியை அழைத்து இழுத்தாலும் மறுநாளே நிரம்பிவிடும். பிளாஸ்டிக் டேங்காக இருந்தால், வெறுமையானதும் மண்ணை விட்டு மிதந்து எழும்பவும் கூடும். பயன்பாட்டைக் குறைத்து, நீர் வடியும்வரை பொறுத்திருப்பதே வழி.

மழையில்லாத காலத்திலும் இறங்கவில்லையென்றால் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, வளைவில் ஏதேனும் சிக்கியிருக்கலாம். குழந்தையைத் துடைக்கும் ஈரத் துணித்தாள், அணையாடை, நாப்கின் ஆகியவை தண்ணீரில் கரைவதில்லை. இரண்டாவது ஏர் பைப். மாடிவரை போகும் அந்தக் குழாயின் வாயில் குளவி கூடு கட்டியிருந்தாலும் சருகு அடைத்திருந்தாலும் உள்ளேயுள்ள காற்று வெளியேற வழியின்றித் தண்ணீரை எதிர்த்துத் தள்ளும். கோப்பையில் குமிழி விட்டுக் களகளவென்று ஓசை கேட்கும். பல வீடுகளில் ஏர் பைப்பையே வைப்பதில்லை. நாற்றம் வரும் என்று துணி வைத்து அடைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். மூன்றாவது, டேங்க் நிரம்பியிருக்கலாம். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை இழுக்கவேண்டியதைப் பதினைந்து ஆண்டுகளாகத் தொடாத வீடுகள் நம் தெருக்களில் ஏராளம்.

டேங்க் என்றதும் என் மனம் வில்லியனூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் சாலையிலுள்ள ரெட்டியார்பாளையத்துக்குப் போகிறது. 2024 ஜூன் 11ஆம் தேதி, அங்கே புதுநகரில் பாதாளச் சாக்கடையின் நச்சு வாயு கழிப்பறை வழியாக வீடுகளுக்குள் புகுந்தது. கழிப்பறைக்குச் சென்ற முதிய தாய் மயங்கி விழ, அவரைத் தூக்கச் சென்ற மகளும் விழுந்தார். பள்ளி மாணவி ஒருத்தியும் இறந்தாள். மூன்று உயிர்கள். அவர்கள் எந்தக் குழியிலும் இறங்கவில்லை. தம் வீட்டுக் கழிப்பறைக்குத்தான் போனார்கள். நம் கிராமங்களில் பெரும்பாலும் பாதாளச் சாக்கடை இல்லை, டேங்குதான். ஆனால் கழிவு அழுகும்போது உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு இரண்டிலும் ஒன்றே. அழுகிய முட்டையின் நாற்றம் கொண்டது. அளவு கூடும்போது மோப்பத்தையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்பதனால் ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணக் கூடாது. கழிப்பறையில் ஒருவர் விழுந்து கிடக்க, உள்ளே அந்த நாற்றம் அடித்தால், மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடாமல் கதவு சன்னல்களைத் திறந்து தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும். சொல்வது எளிது; கிடப்பது தாய் என்றால் யாருக்குப் பொறுக்கும்? ஆகவேதான் வளைவில் நிற்கும் அந்த இரண்டு அங்குலத் தண்ணீரைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் லாரி வந்து டேங்கை இழுத்தது. அடியில் ஓர் அடி உயரத்துக்குக் கெட்டியான சேறு தங்கிவிட்டது. "ஹஜ்ரத், ஒரு ஆள் இறங்கினா பத்து நிமிஷத்துல வாரிடலாம். ஆள் தயாரா இருக்கார், ஆயிரம் ரூபாதான் கேக்கறார்" என்று வீட்டுக்காரர் வந்து கேட்டார். ஆள் வாசலில் நின்றுகொண்டிருந்தார். முப்பது வயது இருக்கும். இறக்கவே கூடாது என்றேன். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புக் கருவிகளின்றி மனிதரை டேங்கில் இறக்குபவர் வீட்டுக்காரராக இருந்தாலும் இரண்டாண்டுவரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதமோ உண்டு. சாக்கடையில் இறங்கி இறப்போரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்தது. அவரிடம் சட்டத்தைச் சொன்னேன். ஆனால் நான் நினைத்தது வேறு. நம் நஜிஸை நாம் தொடக் கூசுகிறோம். இன்னொருவருடைய மகனைக் கழுத்துவரை அதில் நிறுத்தக் கூசுவதில்லையே! உண்மையில் அந்தச் சேற்றை முற்றிலும் வாரவேண்டிய தேவையே இல்லை. சிறிது தங்கினால்தான் புதிய கழிவைச் செரிக்க நுண்ணுயிர்கள் இருக்கும். மிகையாக இருந்தால் மேலிருந்து தண்ணீரைப் பீய்ச்சிக் கரைத்து, லாரிக் குழாயாலேயே மறுபடி இழுக்கலாம். அன்று அப்படித்தான் செய்தார்கள். வந்த ஆளுக்குத் தண்ணீர் பீய்ச்சும் வேலையைக் கொடுத்து, பேசிய கூலியைக் கொடுத்தார் வீட்டுக்காரர். அல்ஹம்துலில்லாஹ்.

லாரிக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள்? நீர்த்துறையிலும் நடைபாதையிலும் மக்கள் ஒதுங்கும் நிழலிலும் மலசலம் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். நாம் நேரில் போய்ச் செய்யாததை லாரியை வைத்துச் செய்துவிடக் கூடாது. டேங்கின் வழிவுநீரைத் தெரு வாய்க்காலில் திருப்பிவிடும் வீடுகளுக்கும் இதே கேள்விதான். அந்த வாய்க்கால் ஏதோ ஓர் ஏரிக்குத்தான் போகிறது.

இனி ஒரு சிறு குறிப்பு. இது மத்ரஸா நடத்துவோருக்கு. ரமளான் விடுமுறையில் கழிப்பறைகள் வாரக்கணக்கில் பூட்டிக் கிடக்கின்றன. வெயிலில் வளைவுத் தண்ணீர் வற்றிவிடுகிறது, கதவு திறந்துகொள்கிறது. ஷவ்வாலில் பிள்ளைகள் திரும்பும்போது அடிக்கும் நாற்றத்துக்கு அதுவே காரணம். தரையிலுள்ள வடிகால் ஜாலிக்கும் இப்படியே. சாவியை வைத்திருக்கும் மோதினாரிடம், வாரம் ஒருமுறை ஒவ்வொரு கோப்பையிலும் ஜாலியிலும் இரண்டு குவளைத் தண்ணீர் ஊற்றும்படி சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பள்ளியைக் கழுவும்போது சேர்த்தே செய்துவிடுகிறார்.