தூக்கமா, லிங்க்டு லிஸ்டா?

கோடிங் கற்க வருகிறவர்கள் முதலில் நேரத்துக்குத் தூங்கவும் சாப்பிடவும் பழக வேண்டும், மற்றதெல்லாம் பிறகு என்று சிலர் அறிவுரை சொல்கிறார்கள். தனி அறையும் மேசையும் இருப்பவர்களின் பேச்சு என்றே நாங்கள் நினைத்தோம். எத்தனை மணிக்குத் தூங்கினாய் என்றா நேர்முகத் தேர்வில் கேட்கிறார்கள்? லிங்க்டு லிஸ்டைத் தலைகீழாக்கு என்கிறார்கள். நம் பிள்ளை கொஞ்சம் தடுமாறினால் போதும், "கோட்டாவில் வந்தவன்" என்று முடித்துவிடுவார்கள். அதனால் எங்கள் இரவு வகுப்பில் அடிப்படையைத்தான் அழுத்தினோம். அண்ணல் அம்பேத்கரைப் போல 18 மணி நேரம் படியுங்கள் என்றும் சொன்னோம்.

போன மாதம் ஒரு மாணவி வகுப்பிலேயே மயங்கி விழுந்தாள். காலையிலிருந்து ஒரு டீ மட்டும்தானாம். அப்போதுதான் உறைத்தது. அண்ணலின் படிப்பைச் சொன்ன நாங்கள் அவருடைய நீரிழிவைச் சொன்னதே இல்லை. 1956இல் அவர் போனபோது வயது 65தான்.

இப்போதும் எங்களுக்கு அடிப்படைதான் முதலில். அதை விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் வகுப்புக்கு முன் சுண்டல் உண்டு, 9 மணிக்கு விளக்கை அணைத்துவிடுகிறோம். இன்னும் அரை மணி நேரம் என்று கெஞ்சுகிறவர்களில் அந்த மாணவியும் ஒருத்தி. ரிகர்ஷன் பாதியில் நிற்கிறதாம்.