வண்டியின் நிறம்

எறியவும் மனம் வராமல், எடுத்து ஆளவும் வகையில்லாமல் போன பொருள்கள் தஞ்சம் புகுவதற்கென்றே பழைய வீடுகளின் பின்புறத்தில் ஒரு சாய்ப்பு இருக்கும். பெங்களூர் அலசூரில் உள்ள எங்கள் வீட்டுச் சாய்ப்பில் அம்மியும் குழவியும், கால் ஒடிந்த நாற்காலியும், அவற்றின் நடுவே கோணிச் சாக்கு போர்த்திய ஒரு ஜாவா மோட்டார் சைக்கிளும் பல ஆண்டுகள் கிடந்தன. என் தந்தையார் 1967-இல் வாங்கிய வண்டி அது. 2008-இல் அவர் மறைந்த பிறகு அதை உதைத்து உயிர்ப்பித்தவர் எவருமில்லை. பணி ஓய்வு பெற்று ஈராண்டு கழிந்த நிலையில், 2022-ஆம் ஆண்டுத் தை மாதத்தில் ஒரு நாள் நான் அந்தச் சாக்கை விலக்கினேன்.

ஜாவா என்றதும் தீவின் நினைவு வருவோர் உண்டு. அத்தீவுக்கும் இவ்வண்டிக்கும் தொடர்பில்லை. 1929-இல் பிராக் நகரில் யானெச்செக் என்பவர், வாண்டரர் என்னும் ஜெர்மானிய நிறுவனத்தின் உரிமம் பெற்று மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கினார். இரு பெயர்களின் முதல் ஈரெழுத்துகளும் சேர்ந்து பிறந்ததே ஜாவா. 1961 முதல் அது மைசூரில் உருவாகத் தொடங்கியது. எழுபதுகளில் யெஸ்டி என்று பெயர் மாறி, 1996-இல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. ஒரே சிலிண்டருக்கு இரண்டு புகைக் குழாய்கள். ஆணியைப் போன்ற ஒரு சாவி. உதைத்துக் கிளப்பும் நெம்புகோலே கியர் மாற்றும் நெம்புகோலாகவும் மாறும் விந்தை. இவற்றைக் காண எங்கள் தெருச் சிறுவர் கூடுவார்கள். எனினும் எல்லாவற்றிலும் மேலாக அதன் நிறம்! பெட்ரோல் டாங்கியின் இரு விலாவிலும் கண்ணாடி போன்ற குரோமியப் பூச்சு. மற்ற இடமெல்லாம் கனிந்த நாவலும் குங்குமமும் கலந்தாற்போன்ற கருஞ்சிவப்பு. ஓரங்களில் மெல்லிய பொன்னிறக் கோடு.

அந்த நிறத்தைக் கெடுத்தவன் நான்தான்.

1979-இல் எனக்குப் பத்தொன்பது வயது. கல்லூரித் தோழர்கள் புது யெஸ்டிகளில் வந்து இறங்க, அப்பாவின் கருஞ்சிவப்பு வண்டி எனக்குப் பாட்டன் காலத்துப் பண்டமாகத் தோன்றியது. பாட்டியின் திவசத்துக்காக அப்பா நான்கு நாள் ஊருக்குப் போயிருந்தார். பொங்கலுக்குச் சன்னல் கம்பிகளுக்குப் பூசி மீந்த நீல எனாமல் ஒரு டப்பா வீட்டில் இருந்தது. உப்புத்தாள் இட்டுத் தேய்க்க வேண்டும், எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு யார் சொன்னார்கள்? இரண்டு அங்குலத் தூரிகையால் ஒரே பிற்பகலில் வண்டி முழுவதையும் நீலமாக்கினேன். பொன்கோடு போயிற்று. குரோமிய விலாக்களையும் நான் விட்டு வைக்கவில்லை.

திங்கட்கிழமை விடியற்காலை ரயிலில் வந்திறங்கிய அப்பா, பையைத் திண்ணையில் வைத்துவிட்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சுட்டு விரலால் டாங்கியைத் தொட்டு, காய்ந்துவிட்டதா என்று பார்த்தார். பிறகு என்னிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “ஓட்டினாயே, பெட்ரோலில் எண்ணெய் கலந்தாயா?” ஈரடி என்ஜின் அது, பெட்ரோலோடு கலந்து செல்லும் எண்ணெயே அதன் உயிர். கலக்காமல் ஓட்டினால் பிஸ்டன் இறுகிவிடும். கலந்தேன் என்றேன். தலையசைத்துவிட்டுக் குளிக்கப் போனார். அன்று முதல் அந்த நீல வண்டியிலேயே தொழிற்சாலைக்குப் போய் வந்தார். நண்பர்கள் அவரை ‘நீலவண்ணக் கண்ணன்’ என்று அழைத்துச் சிரித்தார்கள் என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. நிறத்தைப் பற்றி அவர் சாகும்வரை ஒரு சொல் சொன்னதில்லை. ஏசியிருந்தால் அன்றே தீர்ந்திருக்கும். அந்த மௌனம் என் நெஞ்சில் நாற்பது ஆண்டுகள் முள்ளாய்த் தைத்திருந்தது.

ஆகவே, சாக்கை விலக்கிய அன்றே உறுதி செய்தேன்: என் கையாலேயே இந்த நீலத்தை உரித்து, கருஞ்சிவப்பை மீட்டுத் தருவேன் என்று. கழுவாய் என்று சொன்னால் மிகையாகாது.

உரிக்கும் வேலை எளிதன்று. குரோமியத்தின் மேல் எனாமல் ஒட்டாது. அங்கே நீலம் என்றோ செதில் செதிலாக உதிர்ந்திருந்தது. மற்ற இடங்களில் வண்ணம் நீக்கும் மருந்தைத் தடவி, அது கொப்பளித்த பிறகு தகட்டால் சுரண்ட வேண்டும். கையுறை கிழிந்து ஒரு துளி பட்டால் தோல் பற்றியெரிகிறது. பிறகு எண்பதாம் எண் உப்புத்தாள், நூற்றிருபது, இருநூற்றிருபது எனப் படிப்படியாகத் தேய்ப்பு. முதலில் நீலம், அதன் கீழ்ச் சிவப்பு, அதன் கீழ்ப் பிரைமர், கடைசியில் வெள்ளை இரும்பு. நீலத்தின் நடுவே என் பழைய தூரிகையின் மயிர்கள் இரண்டு அப்படியே உறைந்து கிடந்தன.

டாங்கியின் உட்புறம் துருவேறியிருந்தது. சிறு நட்டுகளை உள்ளே போட்டுப் பழந்துணியில் சுற்றி மணிக்கணக்காகக் குலுக்கினேன். வீட்டிலுள்ளோர் என் மனநிலையை ஐயுற்ற நாள் அது. குரோமியப் பூச்சுக்குப் பட்டறையை நாட வேண்டியிருந்தது; செம்பு, நிக்கல், குரோமியம் என்று மூன்று அடுக்காக ஏற்றும் அவ்வேலை வீட்டில் நடவாது. திரும்பி வந்தபின் அந்த விலாக்களைத் தாளொட்டி மறைத்து, மற்ற இடங்களின் பள்ளங்களுக்குப் பட்டி வைத்து, தேய்த்து, பிரைமர் அடித்து முடித்தபோது ஆனி பிறந்துவிட்டது. ஜே. சி. சாலையில் ஒரு கடையில் கருஞ்சிவப்பு வண்ணமும் வாங்கி வைத்தாயிற்று.

இந்த நிலையில்தான், வண்டியை என் பெயருக்கு மாற்றுவதற்காக அப்பாவின் தகரப் பெட்டியிலிருந்து பதிவுப் புத்தகத்தை எடுத்தேன். மடிப்புகளில் கிழிந்து, கரையான் ஓரம் தின்ற சிறு புத்தகம். நிறம் என்ற பத்தியில் ‘மெரூன்’ என்று எழுதி, சிவப்பு மையால் அடித்து, மேலே ‘ப்ளூ’ என்று எழுதப்பட்டிருந்தது. பக்கத்தில் அதிகாரியின் சுருக்கொப்பம், முத்திரை, தேதி. நான் பூசிய நாளிலிருந்து மூன்று வாரங்கூட ஆகவில்லை.

அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர்களுக்கு எழுத்துத் தெரியாத அளவுக்குக் கண் மங்கிவிட்டது, படித்துச் சொன்னேன். “ஆமாம், அரை நாள் சம்பளம் போயிற்று என்று நான்கூடச் சண்டை போட்டேன்” என்றார்கள். “புத்தகத்தில் ஒரு நிறம், வண்டியில் ஒரு நிறம் என்றிருந்தால் வழியில் நிறுத்துவார்கள். பையன் எடுத்துக்கொண்டு போகிறவன், அவன் அல்லவா நின்று பதில் சொல்ல வேண்டும் என்றார் உன் அப்பா.”

அன்றிரவு சாய்ப்பில் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எந்த மௌனத்தை நான் தண்டனை என்று எண்ணிச் சுமந்தேனோ, அது தண்டனையே அன்று. அவர் பேச வேண்டியதை அலுவலகத்தில் வரிசையில் நின்று பேசி முடித்திருக்கிறார்.

பழைய ஜாவா வைத்திருக்கும் நண்பர் ஒருவர் என் மனமாற்றத்தைக் கேட்டு வெகுண்டார். “அசல் நிறம் இருக்க, யாராவது நீலம் அடிப்பார்களா? மதிப்பே போய்விடும்!” ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கென மத்திய அரசு 2021-இல் வகுத்த தனி விதிகளும் அசல் வடிவத்தைத்தானே வற்புறுத்துகின்றன என்றார். அவ்விதிகள் சட்டகம், உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றைச் சொல்கின்றன; என் வண்டியின் பதிவிலோ நீலம் என்றே இருக்கிறது என்றேன். அவர் ஒப்பவில்லை, இன்றும் ஒப்பவில்லை.

எந்த நீலம் என்பது அடுத்த சிக்கல். உரித்ததெல்லாம் குப்பைக்குப் போய்விட்டதே! நல்ல வேளையாகக் கருவிப் பெட்டி மூடியின் உள்விளிம்பில் வெயில் படாத ஒரு கீற்று மீந்திருந்தது. கடைக்காரர் அதைக் கருவியில் காட்டி, அதே நீலத்தைக் கலந்து கொடுத்தார்.

ஆடி ஈரக்காற்றில் அவசரப்பட்டு முதற்பூச்சு அடித்தேன். தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிய, நீலம் முழுவதும் சாம்பல் பூத்தாற்போல் வெளுத்தது. நீர் விட்டுத் தேய்த்து, வெயில் காயும் நாளுக்குக் காத்திருந்து மறுபடி அடித்தேன். பெட்ரோல் சிந்தினாலும் கரையாத இறுதிப் பூச்சை மட்டும் பட்டறையில் முகமூடி அணிந்தவர்களிடம் விட்டேன். அதன் தூவல் நுரையீரலுக்கு ஆகாது.

அதற்கு முன்பே பொன்கோடு இழுக்கச் சிவாஜி நகரிலிருந்து ஒரு முதியவர் வந்தார். பெயர்ப்பலகை எழுதியவர்; ஃபிளெக்ஸ் வந்து அத்தொழிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. அணில் மயிர்த் தூரிகையை நனைத்து, சுண்டு விரலைத் தகட்டில் ஊன்றி, ஒரே இழுப்பில் டாங்கியின் வளைவைச் சுற்றி வந்தார். “எப்படிச் சாச்சா நடுங்காமல் வருகிறது?” என்றேன். “தூரிகையைப் பார்த்தால் கை நடுங்கும் சார். கோடு எங்கே போய்ச் சேர வேண்டுமோ, அங்கே பார்க்க வேண்டும்” என்றார். கூலியை எண்ணிப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டார்.

ஐப்பசியில் ஒரு காலை, எண்ணெயை அளந்து பெட்ரோலில் கலந்து ஊற்றினேன். பதினோராவது உதையில் வண்டி உறுமியது. சாய்ப்பு முழுவதும் வெண்புகை. எதிர்வீட்டுக்காரர் சன்னலைச் சாத்திக்கொண்டார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டே வாசற்படிவரை வந்து, “அடுப்பில் பாலை வைத்துவிட்டு என்ன கூத்தடா இது!” என்றார்கள். நான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன்.