ரோமிலிருந்து தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய வரைபடத்தைப் பார்த்தேன். ஊருக்கு வெளியே மொத்தமாக இடம் எடுத்து, குடிசைவாசிகளுக்கு வரிசையாக வீடு கட்டிக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எழுதியிருக்கிறாய். இந்த நகரம் ரோமா மக்களுக்குச் செய்ததும் அதேதான். நம் ஊரில் ஜிப்ஸி என்பார்களே, அவர்கள்தான்.

யூகோஸ்லாவியப் போருக்குத் தப்பி வந்தவர்கள், ருமேனியாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள், இத்தாலியக் குடியுரிமை உள்ளவர்கள் என்று பலரும் இவர்களில் உண்டு. முக்கால்வாசிப் பேர் சொந்த நாட்டில் வீடு வாசலோடு இருந்தவர்கள். ஆனால் 1985இல் ரோம் அடங்கிய லாட்சியோ பிராந்தியம் போட்ட சட்டம், நாடோடிப் பண்பாட்டைக் காக்கிறேன் என்று இவர்களுக்கு முகாம் அமைக்க வழி செய்தது. நல்லெண்ணத்தில் போட்ட சட்டம். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். 2008இல் இத்தாலிய அரசு 'நாடோடி அவசரநிலை' அறிவித்து, முகாம் முகாமாகப் போய்க் கைரேகை எடுத்தது. அந்த அறிவிப்பு செல்லாது என்று 2011இல் உயர் நிர்வாக நீதிமன்றம் சொன்னது. முகாம்கள் மட்டும் அப்படியே நின்றன.

2012இல் லா பார்பூதா என்று புதிதாக ஒன்றைத் திறந்தார்கள். ஒரு பக்கம் சாம்பீனோ விமான நிலையம், இன்னொரு பக்கம் சுற்றுச்சாலை. சுற்றிலும் வேலி, கேமரா, நடுவில் வரிசையாகத் தகரப் பெட்டி வீடுகள். விமானம் இறங்கும்போது பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. முகாம் பிள்ளைகளை ஏற்றிவரும் வண்டி பள்ளிக்குத் தாமதமாக வரும், மணியடிக்கும் முன்பே கிளம்பிவிடும் என்று எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை சொல்வார். பாடமும் போச்சு, கூட்டாளியும் போச்சு.

கொடுமையைக் கேள். 2013இல் மாநகராட்சி ஒரு சுற்றறிக்கை விட்டது: முகாம் நிரந்தரக் குடியிருப்பாம், அதனால் அரசு வீட்டுக்கான முன்னுரிமைப் பட்டியலில் முகாம்வாசிகளுக்கு இடமில்லையாம்! நாடோடி என்று சொல்லி உள்ளே தள்ளியவர்களே, நிரந்தரவாசி என்று சொல்லி வெளியே விட மறுத்தார்கள்.

தனியாரிடம் வாடகைக்குப் போகலாமே என்பாய். நான் வீடு தேடியபோது ஒரு வீட்டுக்காரர் என் நிறத்தைப் பார்த்து ரோமா பெண் என்று நினைத்து, "வீடு போய்விட்டது" என்றார். இந்தியாவிலிருந்து வந்தவள் என்றதும் சிரித்துக்கொண்டே சாவியை எடுத்தார். அந்தச் சாவியை வாங்க மனசு வரவில்லை.

லா பார்பூதாவில் ஓர் இனத்தாரை மட்டும் இப்படித் தனியே குடிவைத்தது பாகுபாடு என்று 2015இல் ரோம் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த முகாமை மூட 2021 ஆயிற்று.

உன் திட்டத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. எத்தனை வீடு என்று எழுதுவதற்கு முன்னால், அங்கிருந்து காலை முதல் பஸ் எத்தனை மணிக்கு, பள்ளி எவ்வளவு தூரம், பக்கத்து வீட்டில் யார் இருப்பார்கள் என்று விசாரித்து எழுது. குடிபோகப் போகிறவர்களையே கேள்.

அன்புடன்,
அக்கா